1943 ஜூலை: அச்சு நாடுகளின் தலைவர்களும் நம் தோட்டத்து மக்களும்



சில வாரங்களுக்கு முன் படிவம் 4 மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு 'இரண்டாம் உலகப் போரும் மலாயா மக்களும்'. ஒரு மாணவன் முதல் பத்தியில், ஹிட்லர், முசோலினி, டோஜோ என்ற மூன்று சர்வாதிகாரிகள் சேர்ந்து உலகத்தை ஆள நினைத்தார்கள் என்று எழுதியிருந்தான். அடுத்த பத்தியில், தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று எழுதியிருந்தான். இரண்டு பத்திக்கும் நடுவில் ஒரு பாலமும் இல்லை. "ஏன்ப்பா, இதுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவனே என்னிடம் கேட்டான். "டீச்சர், எங்க கொள்ளுத் தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனவரு, திரும்பி வரல. ஆனா எங்க வீட்டு ஹால்ல நேதாஜி படம் மாட்டியிருக்கு. நேதாஜி ஜப்பான்காரனோட சேர்ந்துதானே இருந்தாரு? அப்போ இதை எப்படி எழுதறது?"

மணி அடித்துவிட்டது. நானும் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கிள்ளான் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் பலருக்கு இதே கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்திருக்கும். அதனால் நான் தேடிப் படித்துத் தொகுத்ததை இங்கே தருகிறேன். தலைவர்கள் பெயரைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு அந்த மாதத்தில் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விஷயம் பிடிபடுகிறது. நான் தேர்ந்தெடுத்தது 1943 ஜூலை.

அதற்கு முன், அந்தக் கூட்டணி எப்படிப்பட்டது என்று கொஞ்சம்.

ஒரு கையெழுத்து, மூன்று கணக்கு

முத்தரப்பு ஒப்பந்தம் 1940 செப்டம்பர் 27-இல் பெர்லினில் கையெழுத்தானது. ஜெர்மனிக்கு ரிப்பன்ட்ராப், இத்தாலிக்கு சியானோ, ஜப்பானுக்குத் தூதர் குருசு. கவனியுங்கள், டோஜோ அதில் கையெழுத்திடவில்லை. அப்போது அவர் தரைப்படை அமைச்சர் மட்டுமே. பிரதமரானது 1941 அக்டோபரில்தான். தேர்வில் இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

ஒப்பந்தத்தின் சாரம் எளிது. ஐரோப்பாவில் ஜெர்மனியும் இத்தாலியும் தலைமை தாங்கலாம், 'மகா கிழக்கு ஆசியா'வில் ஜப்பான் தலைமை தாங்கலாம், போரில் அதுவரை இறங்காத ஒரு நாடு தங்களில் ஒருவரைத் தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும். அமெரிக்காவை மனத்தில் வைத்து எழுதியது அது. ஆனால் இவர்களுக்குப் பொதுவான போர்த் தலைமையகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் உட்கார்ந்து திட்டமிட்டதுபோல் ஹிட்லரும் டோஜோவும் ஒரு நாளும் சந்தித்ததில்லை. 1941 ஏப்ரலில் ஜப்பான் சோவியத் ஒன்றியத்துடன் நடுநிலை ஒப்பந்தம் செய்தது. இரண்டே மாதத்தில் ஹிட்லர் அதே சோவியத்தின் மேல் படையெடுத்தார். பேர்ல் துறைமுகத் தாக்குதல் எந்த நாள் என்பதை ஜப்பான் ஹிட்லருக்குச் சொல்லவில்லை. பங்காளிகள்தான், ஆனால் ஒருவர் பையில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது.

'மூன்று சர்வாதிகாரிகள்' என்று ஒரே மூச்சில் எழுதுவதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஹிட்லருக்கு மேலே யாரும் இல்லை. முசோலினிக்கு மேலே மன்னர் இருந்தார், பாசிசப் பேரவை இருந்தது. டோஜோவுக்கு மேலே பேரரசர் ஹிரோஹித்தோ. பக்கத்தில் கடற்படை, அது அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிடாது. மூன்றுமே அடக்குமுறை ஆட்சிகள்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'இராணுவ ஆதிக்க ஆட்சியின் பிரதமர்' என்று டோஜோவைப் பற்றி எழுதும் மாணவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்பது திருத்துபவருக்குப் புரியும்.

நம் மண்ணுக்கு வந்தவர்கள்

1941 டிசம்பர் 8 அதிகாலை கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது. பேர்ல் துறைமுகத்தில் அது டிசம்பர் 7. ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் கோத்தா பாருதான் முந்தியது. படைத்தலைவர் ஜெனரல் யமாஷிதா தொமோயுக்கி, 25-ஆம் படை. இவர் அதே ஆண்டின் தொடக்கத்தில் இராணுவக் குழு ஒன்றோடு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய், ஹிட்லரையும் முசோலினியையும் நேரில் பார்த்துவிட்டு வந்தவர். அச்சுக் கூட்டணியின் மூன்று தலைநகரங்களையும் கண்ட ஒருவர் மலாயாவுக்குள் படையோடு நுழைந்தார் என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஜனவரி 7-இல் சிலிம் ரிவர், 11-இல் கோலாலம்பூர், பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். எழுபது நாள்தான். சைக்கிளில் வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கிள்ளான் மாவட்டத்துக்கு அந்தச் சைக்கிளில் ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றவர்களின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது இருந்தது. கூடவே இதுவும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். எட்டே மாதத்தில் அந்தத் துரைமார்கள் சிங்கப்பூரை நோக்கி ஓடினார்கள்.

இதைச் சொல்லாமல் ஜப்பானியர் காலத்தைத் தொடங்கினால், நம் மக்களில் ஒரு பகுதியினர் ஏன் புதிய கொடியை நம்பிக்கையோடு பார்த்தார்கள் என்பது மாணவனுக்குப் புரியாது. முட்டாள்தனமாக நம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

கிள்ளானில் சுல்தானே மாற்றப்பட்டார். பிரிட்டிஷார் ஒதுக்கி வைத்திருந்த தெங்கு மூசா எடினை ஜப்பானியர் அரியணையில் ஏற்றினார்கள். சுல்தான் ஹிசாமுடின் ஆலம் ஷா 1945-இல்தான் மீண்டும் வந்தார். சீனர்கள் பட்டது வேறு கதை. சிங்கப்பூர் விழுந்த உடனே சூக் சிங் படுகொலை. அதைப் பற்றி நம் பாடநூல்களிலும் வெளியிலும் நிறையக் கிடைக்கிறது, ஆகவே இங்கே விரிக்கவில்லை.

யமாஷிதா இங்கே நீண்ட நாள் இருக்கவில்லை. 1942 ஜூலையில் அவர் மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். அவருக்கும் டோஜோவுக்கும் ஆகாது. 1936-இல் தோக்கியோவில் நடந்த இளம் அதிகாரிகளின் கலகத்திலிருந்தே இருவரும் எதிரெதிர் அணி. பரபரப்பாக நாட்டைப் பிடித்தவர் போய்விட்டார். நம் மக்களின் தலையெழுத்தை எழுதியவர் இன்னொருவர், பெரும்பாலான மாணவர்கள் கேள்விப்படாதவர்: மார்ஷல் தெராவுச்சி ஹிசாய்ச்சி. பர்மா, தாய்லாந்து, மலாயா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் எல்லாவற்றுக்கும் மேலான தெற்குப் படைகளின் தலைமைத் தளபதி.

பாதைக்கு உத்தரவு வந்த வழி

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் போக வேண்டும். கடல் வழி என்றால் மலாக்கா நீரிணையைச் சுற்றி ரங்கூன்; நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருக்கும். 1942 ஜூன் மாதம் மிட்வேயில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அதே ஜூனில் தோக்கியோ தலைமையகம் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ரயில்பாதை போட உத்தரவிட்டது. நீளம் 415 கிலோமீட்டர், காடும் மலையும். தாய்லாந்துப் பிரதமர் பிபுன் சொங்க்ராம் 1941 டிசம்பர் 21-இலேயே ஜப்பானுடன் கூட்டணி ஒப்பந்தம் செய்திருந்தார்; நிலம் கிடைப்பதில் சிக்கல் இல்லை.

தண்டவாளம் எங்கிருந்து? ஒரு பகுதி நம் கிழக்குக்கரை ரயில்பாதையிலிருந்து. கிமாஸ்–தும்பாட் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பங்களில் பிறந்த மாணவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். அவர்களின் மூதாதையர் போட்ட பாதை, அவர்களின் உறவினர் செத்த பாதையாக மாறியது.

ஆள் எங்கிருந்து? முதலில் போர்க்கைதிகள், 60,000-க்கும் மேல். அது போதவில்லை. 1943 தொடக்கத்தில் வேலையை இன்னும் சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேலிடம் நெருக்கியது. அப்போதுதான் மலாயாத் தோட்டங்கள் பக்கம் பார்வை திரும்பியது. காரணம் இருக்கிறது. ரப்பர் வாங்கிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிரி நாடுகளாகிவிட்டன. மரம் வெட்ட வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. வேலை இல்லாத ஆள்பலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லயத்தில் உட்கார்ந்திருந்தது. நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதம், சாப்பாடு, மருந்து எல்லாம் உண்டு என்று சொன்னார்கள். முதலில் போனவர்கள் நம்பிப் போனார்கள். அவர்கள் திரும்பி வராததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. கிராணிகள் பெயர் எழுதினார்கள். லாரி வந்தது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனதாகவும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 75,000 பேர், பெரும்பாலோர் தமிழர். எல்லா நாட்டு ஆசியத் தொழிலாளர்களையும் சேர்த்தால் சுமார் 2 லட்சம்; இறந்தவர்கள் 90,000 வரை என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். விகிதத்தைக் கவனியுங்கள்: கைதிகளில் ஐந்தில் ஒருவர், தொழிலாளர்களில் ஏறக்குறைய இரண்டில் ஒருவர். ஒரே காடு, ஒரே மழை, ஒரே காவலர்கள். ஏன் இந்த வித்தியாசம்? கைதிகளுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த ஆள் இருந்தது, யார் இறந்தார் என்று ரகசியமாகக் குறித்து வைக்கக் கையில் பென்சில் இருந்தது. நம்மவர்களுக்கு இவை ஒன்றும் இல்லை. இந்த ஒரு காரணத்தை நன்றாக விளக்கி எழுதினாலே ஒரு முழுப் பத்தி வரும், மாணவர்களே.

அந்த ஜூலை

இப்போது 1943 ஜூலைக்கு வருவோம்.

மழைக்காலம். மே மாதத்திலிருந்தே பாதை நெடுகிலும் காலரா. தொழிலாளர் முகாம்களில் செத்தவர்களை மொத்தமாகப் புதைக்கிறார்கள், எரிக்கிறார்கள். போர்க்கைதிகள் 'ஸ்பீடோ' காலம் என்று பெயர் வைத்த, வேலையை விரட்டி விரட்டி வாங்கிய மாதங்கள் இவை.

மாதத்தின் முதல் நாட்களில் டோஜோ பாங்காக் வருகிறார். பிபுனைச் சந்தித்து, கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மலாய் மாநிலங்களைத் தாய்லாந்துக்குத் தருவதாக அறிவிக்கிறார். காஞ்சனபுரி அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர்தான். நம் மாணவன் கேட்டானே, அந்த மூன்று பேருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று, ஒருவர் இவ்வளவு அருகில் வந்துபோனார்.

ஜூலை 2: சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்குகிறார். ஜூலை 4: கேத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸ் இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைமையை அவரிடம் ஒப்படைக்கிறார். (இரண்டு போஸும் வேறு வேறு ஆள், உறவினரும் அல்லர். எழுதும்போது முழுப்பெயர் எழுதுங்கள்.) ஜூலை 5: சிங்கப்பூர் பாடாங்கில் இந்திய தேசிய இராணுவ அணிவகுப்பு, 'டில்லி சலோ' முழக்கம். அதே ஜூலை 5-இல்தான் ரஷ்யாவில் கூர்ஸ்க் போர் தொடங்கியது. ஒரு வாரத்தில் ஹிட்லரின் தாக்குதல் நின்றுபோனது. ஜூலை 6: அதே பாடாங்கில் டோஜோ வந்து போஸின் பக்கத்தில் நின்று மரியாதையை ஏற்றுக்கொள்கிறார். ஜூலை 10: நேசப் படைகள் சிசிலியில் இறங்குகின்றன. ஜூலை 25: முசோலினியை அவர் மன்னரே பதவியிலிருந்து நீக்கிக் கைது செய்கிறார்.

ஆக, பாடாங்கில் கொடி பறந்த அந்த மாதமே கூட்டணி ஐரோப்பாவில் உடையத் தொடங்கிவிட்டது. கூடியிருந்த மக்களுக்கு அது தெரிய வழி இல்லை. வானொலியும் செய்தித்தாளும் ஜப்பானியர் கையில்.

போஸை எப்படி எழுதுவது?

என்னை உட்கார வைத்த கேள்வி இதுதான். எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் அவர் படம் இருக்கிறது. கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்தின் பண்பாட்டு மையமே அவர் பெயரைத் தாங்கியது. அவரைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை தவறிப் பேசினால் மறுநாள் பெற்றோர் அழைப்பு வரும். அதற்குப் பயந்து பலர் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

நடந்ததைப் பார்ப்போம். 1941 ஏப்ரலில் போஸ் பெர்லின் போய்ச் சேர்ந்தார். இந்திய விடுதலைக்கு ஆதரவாக ஒரு வெளிப்படையான அறிவிப்பை ஜெர்மனியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 1942 மே மாதம் ஹிட்லரை நேரில் சந்தித்தார்; அப்போதும் அந்த அறிவிப்பு கிடைக்கவில்லை. முசோலினி கொஞ்சம் இணக்கமாகப் பேசினார், அவரால் தனியாக ஒன்றும் ஆகாது. 1943 பிப்ரவரியில் ஜெர்மானிய நீர்மூழ்கியில் ஏறி, மடகாஸ்கர் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, ஜூனில் தோக்கியோவில் டோஜோவைப் பார்த்தார். அச்சுக் கூட்டணியின் மூன்று தலைவர்களையும் நேரில் சந்தித்துப் பேசிய ஒரே பெரிய இந்தியத் தலைவர் இவர். மூவரிடமும் அவர் கேட்டது ஒன்றுதான். அதை முழுமையாகத் தந்தவர் யாரும் இல்லை; தங்கள் போருக்கு உதவும் அளவுக்குத்தான் டோஜோவும் தந்தார்.

மலாயாத் தமிழருக்கு அவர் தந்தது வேறு. அதுவரை கூலி என்று அழைக்கப்பட்டவன் சீருடை போட்டு, வங்காளியோடும் பஞ்சாபியோடும் ஒரே வரிசையில் நின்றான். பால்வெட்டுத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். கோலாலம்பூரில் அவர் பேச்சைக் கேட்டுக் காதணியைக் கழற்றிக் கொடுத்த இளம்பெண் ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், அப்படையில் அதிகாரியாகிப் பர்மா வரை போனார், 1946-இல் ம.இ.கா. தொடங்கப்பட்டபோது முன்னின்றவர்களில் ஒருவர். அந்தக் கட்சியின் முதல் தலைவர் ஜான் திவியும் போஸின் இயக்கத்திலிருந்து வந்தவர்தான். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கிய காலம் மறுபடி வராமல் போனதில் இதற்குப் பங்கு உண்டு. இதை மறுத்தால் பொய்.

ஆனால் இதையும் எழுத வேண்டும். போஸ் தலைமையேற்ற பிறகும் சயாமுக்கு ஆள்பிடிப்பது நிற்கவில்லை. 1943 அக்டோபர் 17-இல் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அக்டோபர் 21-இல் அதே கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 25-இல் பாதைத் திறப்பு விழா. ஜப்பான், ஜெர்மனி, தாய்லாந்து எல்லாம் அங்கீகரித்த ஓர் இந்திய அரசு சிங்கப்பூரில் இருந்த அதே நாட்களில், இந்தியத் தொழிலாளர்கள் அந்த அரசின் நட்பு நாடு போட்ட பாதையில் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரசுக்கு அவர்களைக் காக்கும் பலம் இருக்கவில்லை. சயாமுக்குப் பிடித்துப் போவார்களோ என்ற பயத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களும் உண்டு என்று பழையவர்கள் சொல்வார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பையன் படைக்கும், அடுத்த வீட்டுப் பையன் பாதைக்கும் போனான். சில இடங்களில் ஒரே வீட்டிலிருந்து.

இதைச் சொன்னால் போஸை இழிவுபடுத்துவதாகுமா? நான் அப்படி நினைக்கவில்லை. படத்தைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இன்னொருவரும் இருந்தார், அவருக்குப் படம் இல்லை, அவ்வளவுதான். வாதக் கட்டுரையில் 'போஸ் துரோகி', 'போஸ் கடவுள்' என்ற இரண்டு முனையிலும் போய் நிற்காமல், அவருக்கு எது முடிந்தது, எது முடியவில்லை என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அதற்குத்தான் மேலே தேதிகளை இவ்வளவு அடுக்கினேன்.

கணக்கு எப்படி முடிந்தது

முசோலினி 1945 ஏப்ரல் 28-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாளில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார். டோஜோ சைப்பான் தீவு விழுந்த பிறகு 1944 ஜூலையில் பதவி விலகினார்; தோக்கியோ விசாரணைக்குப் பின் 1948 டிசம்பர் 23-இல் தூக்கிலிடப்பட்டார். சயாம்–பர்மா பாதையில் போர்க்கைதிகளைப் பயன்படுத்தியதும் அவர்மேல் நிறுவப்பட்ட குற்றங்களில் ஒன்று. யமாஷிதாவும் தூக்கிலிடப்பட்டார், 1946 பிப்ரவரியில். ஆனால் அது மலாயாவுக்காக அல்ல. பிலிப்பைன்ஸில் அவர் படை செய்த கொலைகளுக்காக. இந்த இடத்தையும் மாணவர்கள் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

இங்கே, நம் பக்கத்தில், 1945 மார்ச் 10-இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில் முற்றத்தைக் குறிவைத்த அமெரிக்க விமானங்களின் குண்டு செலாங்கூர் அருங்காட்சியகத்தில் விழுந்தது. இன்று தேசிய அருங்காட்சியகம் இருக்கும் இடம் அது. ரயில் முற்றம் இருந்த இடத்தில் கே.எல். சென்ட்ரல். செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ் படை மோரிப் கடற்கரையில் இறங்கியது. 12-இல் சிங்கப்பூரில் தெராவுச்சிக்குப் பதிலாக ஜெனரல் இதாகாக்கி கையெழுத்திட்டுச் சரணடைந்தார். தெராவுச்சிக்கு உடல்நிலை சரியில்லை. 13-இல் கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் சரணடைவுச் சடங்கு.

தெராவுச்சி கடைசி வரை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1946 ஜூன் 12-இல் கைதியாக இருந்தபோதே இறந்தார். எங்கே தெரியுமா? ஜொகூர், ரெங்கம். நாலாபுறமும் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அவருக்குச் சிங்கப்பூர் ஜப்பானியர் இடுகாட்டில் நினைவுக்கல் இருக்கிறது. காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல், பலவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. 1990-இல் அதே ஊரில் மண்ணைத் தோண்டியபோது வெளிவந்த நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளுக்குப் பெயர் இல்லை. அண்மை ஆண்டுகளில் அங்கே தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுந்திருக்கிறது. அதிலும் தனித்தனிப் பெயர் எழுத வழி இல்லையே.

1931 கணக்கெடுப்பில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்து இந்தியர் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். 1947-இல் 6 லட்சத்துக்குக் கீழே. இடையில் பொருளாதார மந்தத்தால் ஊர் திரும்பியவர்களும் உண்டு, ஆகவே இந்த வித்தியாசம் முழுவதையும் சயாம் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஆனால் மற்ற இனத்தவர் தொகை கூடிய அந்தக் காலத்தில் நம் தொகை குறைந்தது என்பதைக் கட்டுரையில் ஒரு சான்றாக வைக்கலாம்.

இலக்கியம் வழியாகப் போக விரும்பும் ஆசிரியர்களுக்கு நம் நாட்டிலேயே இரண்டு நாவல்கள் உண்டு: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'. நாவலில் வருவதை வரலாற்றுத் தரவாக அப்படியே எழுதக்கூடாது என்பதை மட்டும் மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வகுப்பில் நான் செய்தது இது. வெண்பலகையில் 1943 ஜூலை என்று எழுதி நான்கு கட்டம் போட்டேன்: பெர்லின்–ரோம், பாங்காக், சிங்கப்பூர், சயாம் பாதை. மாணவர்கள் குழுவாக நிகழ்வுகளை நிரப்பினார்கள். மூன்று கட்டம் மளமளவென்று நிரம்பிவிட்டது. தலைவர் பெயர், தேதி, இடம் எல்லாம் கிடைக்கிறது. நான்காவது கட்டத்தில் 'காலரா', 'மழை', 'தமிழர்கள்' என்று மூன்று சொல் எழுதிவிட்டு நின்றுவிட்டார்கள். அடுத்த வாரத்துக்குள் வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். எட்டுப் பேர் ஏதோ ஒன்று கேட்டு வந்தார்கள். ஒரு மாணவிக்கு ஒரு தோட்டத்தின் பெயர் மட்டும் கிடைத்தது. அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி.

அந்தப் பையனும் பாட்டியிடம் கேட்டிருக்கிறான். அண்ணன்காரர் ஒரு கம்பளியும் தகரக் குவளையும் எடுத்துக்கொண்டு போனாராம்; மூன்று மாதத்தில் வந்து தம்பிக்குக் கல்யாணம் பேசுவதாகச் சொன்னாராம். 'பெரியவர்' என்றே வீட்டில் எல்லாரும் கூப்பிட்டதால் பாட்டிக்கு அவர் பெயர் ஞாபகம் இல்லை.

"பேரு தெரியலன்னா கட்டத்துல என்ன எழுதறது டீச்சர்?"

தெரிந்ததை எழுதச் சொன்னேன். திருத்தி எழுதிய கட்டுரையில், பாடாங்கில் டோஜோ மரியாதை ஏற்ற வரிக்கு அடுத்த வரியாக அவன் எழுதியிருந்தான்: "அந்த மாதம் என் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் ஒரு கம்பளியுடன் சயாமில் இருந்தார்."

இந்த முறை ஓரத்தில் நான் எதுவும் எழுதவில்லை.